சீஸ் சேர்த்தால் மாவில் உப்பைக் குறையுங்கள்

“ஊறுகாய், அப்பளம் எல்லாத்தையும் விட்டுட்டேன் மேடம், பிரஷர் மட்டும் இறங்க மாட்டேங்குது.” உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் இப்படிச் சொன்னால், மாலை டீக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன். இப்போது அடிக்கடி வரும் பதில், வீட்டில் சுட்ட சீஸ் பன். இனிப்பும் இல்லை, கடைப் பண்டமும் இல்லை, அதனால் பயமில்லை என்ற நினைப்பு.

வழக்கமான செய்முறை ஒன்றைப் பார்ப்போம். கால் கிலோ மைதா, ஒரு டீஸ்பூன் உப்பு, 100 கிராம் பிராசஸ்டு சீஸ், 30 கிராம் உப்பு வெண்ணெய். ஆறு பன் வரும். டீஸ்பூனிலேயே 5 கிராம் உப்பு போயாயிற்று. சீஸில், பிராண்டைப் பொறுத்து, சுமார் 3 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் (உப்பில் ரத்த அழுத்தத்தை ஏற்றுவது இதுதான்). வெண்ணெயில் அரை கிராம். ஆக, பன் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 1.4 கிராம். இரண்டு சாப்பிட்டால் 2.8. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள். சாம்பாரும் ரசமும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை!

பிராசஸ்டு சீஸ் சூட்டில் கொழுப்புப் பிரியாமல் வழவழவென்று உருக, சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். சமையல் உப்பு போல இவை நாக்கில் கரிப்பதில்லை, அதனால் நமக்குத் தெரிவதும் இல்லை. லேபிளில் போட்டிருக்கும் சோடியத்தை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். 400 மி.கி. சோடியம் என்றால் 1 கிராம் உப்பு.

சீஸ் பன்னையே விடச் சொல்லவில்லை. மாவில் உப்பை 2 கிராமாக்குங்கள், உப்பில்லா வெண்ணெய் போடுங்கள், சீஸில் பாதியை உப்புக் குறைந்த மொஸரெல்லா சீஸாக மாற்றுங்கள். பன் ஒன்றுக்கு 0.7 கிராம் அளவில் நின்றுவிடும். ஈஸ்ட்டின் வேகத்தை அடக்குவது உப்புதான் என்பதால், அது குறைந்தால் மாவு சீக்கிரம் பொங்கும், கையில் கொஞ்சம் ஒட்டவும் செய்யும். கடிகாரத்தைப் பார்க்காமல், மாவு இரட்டிப்பானதும் அடுத்த வேலைக்குப் போங்கள். சீஸ் முழுவதையும் உள்ளே திணிக்காமல் ஒரு பங்கை மேலே தூவிச் சுட்டால், முறுகிய சீஸ்தான் முதலில் நாக்கில் படும், உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. மிச்சத்தை மிளகும் சீரகமும் வதக்கிய பூண்டும் பார்த்துக்கொள்ளும். வீட்டில் உறையவைத்த பனீரையும் உதிர்த்துச் சேர்க்கலாம். அது உருகாதுதான், ஆனால் உப்பே போடாத பனீரில் சோடியம் மிகக் குறைவு.

ஈஸ்ட் இல்லாத சீஸ் மஃபின் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவிலேயே 1,200 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கிறது.

சரி, சோடியம் குறைந்த உப்பை வாங்கிப் போடலாமா? அதில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு பாஸ்பேட் சேர்த்த சீஸும் ஆகாது. பாலில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸைவிட, சேர்க்கப்பட்ட பாஸ்பேட்டை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும்.