சுவிட்ச் போர்ட்டுகளைத் தானாக அமைப்பதும், விடுபடக்கூடிய ஒரு சொல்லும்

பல மாடிக் கட்டடம் ஒன்றில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசைக் கணினிகளும் தொலைபேசிகளும் அதன் போர்ட்டுகளில் வந்து சேர, அங்கிருந்து மைய சுவிட்சுக்கு ஒரே ஒரு கேபிள் செல்கிறது. கணக்குப் பிரிவு, விருந்தினர் வைஃபை, கண்காணிப்புக் கேமரா என ஒன்றோடொன்று கலக்கக் கூடாத போக்குவரத்துகள் எல்லாம் அந்தக் கேபிளில்தான் போயாக வேண்டும். இவற்றைப் பிரித்தறிய ஒவ்வொரு தரவுச் சட்டத்திலும் (ஃபிரேம்; தரவு அனுப்பப்படும் சிறு கட்டு) 4 பைட் அளவுள்ள ஓர் அடையாளம் செருகப்படுகிறது. 1998-இல் வெளியான 802.1கியூ தரநிலை வகுத்த முறை இது. இப்படி ஒரே கேபிளில் தனித்தனியாக ஓடும் நெட்வொர்க் ஒவ்வொன்றும் ஒரு வி-லேன். அடையாளத்தில் 12 பிட்டுகள் வி-லேன் எண்ணுக்கு உரியவை என்பதால், ஒதுக்கப்பட்ட 0, 4095 நீங்கலாக 4094 எண்கள் கிடைக்கின்றன. இப்படிப் பல வி-லேன்களைச் சுமக்கும் போர்ட்டை டிரங்க் என்பார்கள். எந்தெந்த எண்கள் அதன் வழியே செல்லலாம் என்ற பட்டியல் அந்தப் போர்ட்டின் அமைவில் (கான்ஃபிகரேஷன்) எழுதப்பட்டிருக்கும்.

அந்தப் பட்டியலில் 10, 20 இருக்கின்றன; 30-ஐச் சேர்க்க வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் மென்பொருளில் இயங்கும் சுவிட்சில் இதற்கான கட்டளை ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் ஆட் 30’ என்பது. ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டாலும் அது செல்லுபடியாகும் கட்டளைதான். சுவிட்ச் எதுவும் கேட்காமல் அதை ஏற்று, 30 மட்டுமே உள்ள பட்டியலைப் பழையதன் இடத்தில் வைத்துவிடும். பொறியாளர் வி-லேன் 10 வழியாக, அதே டிரங்கைக் கடந்து உள்நுழைந்திருந்தால், என்டர் விசையைத் தட்டியதும் அவருடைய திரை உறைந்துவிடும். பிழையைத் திருத்தும் கட்டளையை அனுப்பக்கூட வழியிராது. சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு அந்த மாடிக்கு ஏற வேண்டியதுதான்.

இதே மாற்றத்தை 200 சுவிட்சுகளில் செய்ய வேண்டுமானால், முதலில் தோன்றுவது ஒரு பைத்தான் நிரல்: அது ஒவ்வொரு சுவிட்சிலும் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு முறை வழியே நுழைந்து, மனிதர் தட்டும் அதே வரிகளைத் தட்டிவிட்டு வெளியேறும். இதைத் தானியக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. போர்ட் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த நிரல் பார்ப்பதில்லை. எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் அதில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. ‘ஆட்’ விடுபட்டால் 200 இடங்களிலும் விடுபடும்.

இந்தக் குறை நெடுநாளாக உணரப்பட்டதே. 2002-இல் இணையக் கட்டமைப்பு வாரியம் நெட்வொர்க் நடத்துநர்களை அழைத்து ஒரு பட்டறை நடத்தியது. நெட்வொர்க் சாதனங்களை மேலாண்மை செய்வதற்கான எஸ்என்எம்பி நெறிமுறை கண்காணிப்புக்குப் பயன்படுகிறதே தவிர, அமைவை மாற்றப் பெரிதும் பயன்படுவதில்லை என்பது அங்கே தெளிவாயிற்று. அமைவையும் இயங்கு நிலையையும் பிரித்துக் காட்ட வேண்டும், இரண்டு அமைவுகளை எளிதில் ஒப்பிட முடிய வேண்டும் என்று நடத்துநர்கள் கேட்டார்கள். அந்த வழியில் 2006-இல் சாதனங்களின் அமைவை மாற்றுவதற்கான நெட்கான்ஃப் நெறிமுறையும், 2010-இல் அதன் தரவுகளை விவரிக்கும் யாங் மொழியும் வந்தன. வி-லேன் எண் 1 முதல் 4094 வரைதான் என்று யாங் மாதிரியில் வரையறுத்துவிட்டால், தவறி எழுதிய 5000 போர்ட்டைத் தொடும் முன்பே மறுக்கப்படும்.

2012-இல் வெளிவந்த ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியிலும் இதே எண்ணத்தைக் காணலாம். ‘24-ஆம் போர்ட் டிரங்க், 10, 20, 30 செல்லலாம்’ என்று நாம் விரும்பும் நிலையை ஒரு கோப்பில் எழுதுகிறோம். போர்ட்டுகளுக்கான அதன் மாட்யூல் (அந்த வேலைக்கான நிரல் துண்டு) சுவிட்சின் நடப்பு அமைவைப் படித்து, கோப்போடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குத் தேவையான கட்டளைகளை மட்டும் தானே ஆக்கி அனுப்புகிறது. அதே கோப்பை உடனே மறுபடி ஓட்டினால் மாற்றம் 0 என்று வர வேண்டும். சில நாள் கழித்து ஓட்டும்போது 1 என்று வந்தால், இடையில் யாரோ கையால் எதையோ மாற்றியிருக்கிறார் என்று அறியலாம். என் பார்வையில் வேகத்தைவிட இதுவே பெரிய பயன்.

ஆனால் அந்தப் பழைய ‘ஆட்’ இங்கேயும் வேறு உருவில் இருக்கிறது. கோப்பிலுள்ளதை எப்படிப் பொருள்கொள்வது என்று மாட்யூலிடம் சொல்ல வேண்டும். ‘மெர்ஜ்டு’ என்றால் இருப்பதோடு சேர்க்கும். ‘ரீபிளேஸ்டு’ என்றால் குறிப்பிட்ட போர்ட்டின் பழைய அமைவை நீக்கிப் புதியதை வைக்கும். ‘ஓவர்ரிடன்’ என்றால் கோப்பில் பெயரே வராத போர்ட்டுகளின் அமைவையும் துடைத்துவிடும். ஒரு போர்ட்டை மட்டும் எழுதிய கோப்பை இந்த மூன்றாம் முறையில் ஓட்டினால் என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சுவிட்சை மாற்றாமல், அனுப்பப்போகும் கட்டளைகளை மட்டும் காட்டும் சோதனை ஓட்டம் இருப்பது இதற்காகத்தான். அதன் வெளியீட்டை வரி வரியாகப் படிக்காமல் டிரங்க் போர்ட்டுகளில் கைவைக்கக் கூடாது.

அப்படியும் தவறு நேரலாம் என்பதால் நெட்கான்ஃப் ஒரு தற்காப்பையும் வைத்திருக்கிறது. அதற்கு இடமளிக்கும் சுவிட்சில் மாற்றத்தை முதலில் ஒரு வரைவு அமைவில் எழுதி, உறுதிப்படுத்தக் காத்திருக்கும் வகையில் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். வேறு நேரம் குறிக்காவிட்டால் 600 நொடிகளுக்குள் இரண்டாவது ஒப்புதல் வந்தாக வேண்டும். டிரங்கின் பட்டியலில் 10 காணாமல் போய்விட்டால் அந்த ஒப்புதல் சுவிட்சை எட்டவே எட்டாது. 10 நிமிடங்கள் அந்த மாடி துண்டிக்கப்பட்டிருக்கும். பிறகு சுவிட்ச் தானாகப் பழைய அமைவுக்குத் திரும்ப, உறைந்திருந்த இணைப்பு மீண்டும் கிடைக்கும்.