பி.எஸ்சி.யில் எந்தப் பாடம்? வடசென்னை மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டிய விதிகளும் உதவித்தொகைகளும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாள்களையொட்டி, தமிழக அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர இணையவழி விண்ணப்பம் தொடங்கிவிடும். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிப்பிடலாம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய் என 50 ரூபாய் வசூலிக்கப்பட்டு வருகிறது. பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பதிவுக் கட்டணமான 2 ரூபாய் மட்டும் செலுத்தினால் போதும். தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியையும், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியையும், ஆர்.கே.நகர் அரசுக் கல்லூரியையும், கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி ஆகியவற்றையும் குறிக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால் இந்த விண்ணப்பத்துக்குள் வராது. அங்கே தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் அரசு விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததும் பாடங்களின் பட்டியல் விரியும். பாடத்தின் பெயரோடு அது தமிழ்வழியா ஆங்கிலவழியா, காலைச் சுழற்சியா மாலைச் சுழற்சியா என்ற விவரமும் அதே வரியில் இருக்கும். செல்பேசியின் சிறிய திரையில் பாடப் பெயரைப் பார்த்ததுமே விரல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு வரியை நிதானமாகப் படிப்பதுதான் இந்த வேலையில் பாதி என்பேன்.

முதலில் பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் தாவரவியலும் விலங்கியலும் ‘தாவர உயிரியல் மற்றும் தாவர உயிர்த்தொழில்நுட்பம்’, ‘மேம்பட்ட விலங்கியல் மற்றும் உயிர்த்தொழில்நுட்பம்’ என்ற நீண்ட பெயர்களில் வரக்கூடும். வெறும் விலங்கியலைத் தேடுகிறவர் அது இல்லையென்று விட்டுவிடுகிறார். பயோடெக் (உயிர்த்தொழில்நுட்பம்) படிக்க விரும்புகிறவர் ‘மேம்பட்ட விலங்கியல்’ பட்டமும் பயோடெக்கும் ஒன்றுதான் என்று நம்பிச் சேர்ந்துவிட்டு, முதல் பருவத்தில் முதுகெலும்பற்ற விலங்குகளைப் பற்றிப் படிக்க நேரும்போது திகைக்கிறார். அடுத்தது தகுதி. கணிதப் பட்டத்துக்குப் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். இயற்பியலுக்கு இயற்பியலோடு கணிதமும் வேண்டும். உயிரியல் சார்ந்த பட்டங்களுக்கு உயிரியலோ, தாவரவியல்–விலங்கியலோ வேண்டும். வேதியியல் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. கணிதப் பிரிவில் படித்தவருக்கும் உயிரியல் பிரிவில் படித்தவருக்கும் அதில் பொதுவாக இடமுண்டு. மணலி, எண்ணூர் ஆலைகளின் ஆய்வகங்களை மனத்தில் வைத்து வேதியியலைக் கேட்கும் குடும்பங்கள் நம் பகுதியில் அதிகம். அந்தக் கணக்கு தவறானதல்ல. ஆனால் வேதியியல் பட்டத்திலும் துணைப்பாடமாகக் கணிதமோ இயற்பியலோ விலங்கியலோ வந்து நிற்கும் என்பதையும், எந்தத் துணைப்பாடம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயிற்றுமொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 சதவீதம் முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2020-இல் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பதவிக்கு இந்த முன்னுரிமையைக் கோருபவர் பட்டத்தை மட்டுமல்லாமல் பள்ளிக் கல்வியையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்த ஒரு மாணவி, கல்லூரியில் ஆங்கிலவழி இயற்பியலைத் தேர்ந்தெடுத்தால், பட்டத் தகுதிப் பதவிகளுக்கான அந்த முன்னுரிமையை அதே நொடியில் இழக்கிறார். பத்தாம் வகுப்பையே தகுதியாகக் கொண்ட குரூப் 4 போன்ற பணிகளுக்கு மட்டும் அவருடைய பள்ளித் தமிழ்வழிச் சான்று தொடர்ந்து பயன்படும். ஆங்கிலவழியைத் தவிர்க்க வேண்டும் என்பதல்ல என் கருத்து; முதுநிலைப் படிப்புக்கோ தனியார் ஆய்வகத்துக்கோ போக நினைப்பவருக்கு அது உதவும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஏனெனில் தமிழ்வழி என்றால் மதிப்புக் குறைவு என்று வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காக அந்த 20 சதவீதத்தைக் கைவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் பணியை நினைத்து அறிவியல் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியராவதற்கு உரிய பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் தேர்ச்சி வேண்டும். பட்டத்தின் பெயர் வழக்கமான பாடப் பெயரிலிருந்து மாறுபட்டிருந்தால், அது இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்ற கேள்வி எழும். மூன்றாண்டுப் படிப்பும் பி.எட்.டும் முடித்த பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பில் ‘இணைத்தன்மை இல்லை’ என்ற பதிலைக் கேட்பதைவிடச் சேரும் நாளிலேயே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுவது எளிது. புதுப் பெயர் கொண்ட பட்டங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

தரவரிசை எளிமையானது. தமிழ், ஆங்கில இலக்கியப் பட்டங்களைத் தவிர மற்றவற்றுக்கு, மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களில் 400-க்கு எடுத்த மதிப்பெண்ணே கணக்கு. மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் உள்ளிட்டோருக்குச் சிறப்புக் கலந்தாய்வு முதலில் நடக்கும். பிறகு பொதுக் கலந்தாய்வு. இடங்கள் 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி நிரப்பப்படும்: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் இனத்தவருக்கு அருந்ததியருக்கான 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1. மீதமுள்ள 31 சதவீதத்தில் எல்லாப் பிரிவினரும் மதிப்பெண் அடிப்படையில் இடம்பெறலாம்.

அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம் போன்றவை உண்டு. அறிவியல் பாடங்களுக்கு ஆய்வகச் செலவு சற்றுக் கூடும். அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரே வாயிலுக்குள் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். பாடத்தின் பெயர் ஒன்றுதான், கட்டணம் பல மடங்கு வேறு. சேர்க்கைக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் பணம் கட்டக்கூடாது.

இனி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய். மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று நம் பகுதியின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. எந்தப் பாடம் என்பது இவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. இயற்பியல் படித்தாலும் ஐ.டி.ஐ. படித்தாலும் தொகை ஒன்றுதான். 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பதுதான் கேள்வி. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆகியவையும் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவிகளும் 2024 டிசம்பர் இறுதியில் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்ப் புதல்வனில் இவ்வகை மாணவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இடமுண்டு. தொலைதூரக் கல்வியில் படிப்பவருக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்குபவரும் இதைக் கூடுதலாகப் பெறலாம்.

ஐந்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளியில் படித்து, ஆறாம் வகுப்பில் மாநகராட்சிப் பள்ளிக்கு வந்தவருக்குத் தொகை உண்டு. ஏழாம் வகுப்பு வரை கட்டணம் கட்டிப் படித்து, அதற்கு மேல் கட்ட முடியாமல் எட்டாம் வகுப்பில் மாநகராட்சிப் பள்ளிக்கு மாறியவருக்கு இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை கட்டணமின்றித் தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. கட்டணம் கட்ட இயலாமல் பள்ளி மாறிய குடும்பத்துக்கும் அந்த விலக்கு நியாயமாகப் பொருந்தியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் விதியில் அப்படி இல்லை.

இவற்றோடு சிலர் இரண்டைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் அப்படியே. இரண்டும் பி.எஸ்சி. இயற்பியலுக்கு வராது. பட்டியல் இன, பழங்குடி மாணவர்கள், பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மாதத் தொகைக்கு மாணவர் எங்கும் போய் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரியில் இதற்கென உள்ள பொறுப்பாசிரியர், பள்ளிக் காலத்து எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) வைத்துப் படிப்பைச் சரிபார்த்து இணையத்தில் பதிவு செய்வார். அதன் பிறகும் பணம் வரவில்லை என்று கையில் பாஸ்புக்கோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, வேறு கணக்கு இருக்கிறதா என்பதுதான். பள்ளியில் திறந்த ஒரு வங்கிக் கணக்கு, பின்னால் அஞ்சலகத்தில் திறந்த இன்னொன்று என்று இரண்டு இருக்கும். தொகை ஆதார் எண் வழியாகச் செல்வதால், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அதில்தான் போய் விழும். கொருக்குப்பேட்டை மாணவி ஒருவர் ஐந்து மாதமாக வரவில்லை என்று நம்பிய 5,000 ரூபாய், அவருடைய அம்மா மறந்தே போயிருந்த அஞ்சலகக் கணக்கில் அப்படியே இருந்தது.