பத்து வருஷமாக ரொம்பாத தொட்டி

கிராமங்களில் கழிப்பறைக் கட்டுமானத்தைப் பார்வையிடப் போகும்போது அடிக்கடி காதில் விழும் பெருமை இது: "நம்ம வீட்டு செப்டிக் டேங்க் பத்து வருஷமா ரொம்பவே இல்ல சார்."

கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் இதையே சொன்னார். மூடியை நகர்த்திப் பார்த்தோம். 15 சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருந்தார்கள். அடியில் பூச்சு கிடையாது. பத்தடிக்குக் கீழே ஊற்றுத் தண்ணீர் கருப்பாக நின்றது. அங்கிருந்து பத்து எட்டு வைத்தால் வீட்டு அடிபம்பு.

அது செப்டிக் டேங்க் அல்ல, கிணறு. உண்மையான செப்டிக் டேங்க் அடியும் பக்கமும் பூசி, நீர் கசியாமல் கட்டியது. புழங்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே வெளிக்குழாய் மட்டம் வரை நீர் ஏறிவிடும். பிறகு எப்போதும் அப்படியே நிற்கும். கசடு அடியில் தங்க, மேலே தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். ஆகவே தொட்டி ரொம்பவில்லை என்றால் உள்ளே விழுந்ததெல்லாம் நிலத்தடி நீரில் கலந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சரி, முறையாகவே கட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்துக் கசடை எடுக்க வேண்டும். அந்த லாரி எங்கே போய்க் கொட்டும்? தமிழ்நாட்டில் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழி என்ற ஊரில் வந்ததே 2017இல்தான். பக்கத்தில் நிலையம் இல்லாத ஊர்களில் ஓடையும் தரிசும்தான் கதி.

அதனால்தான் சின்ன ஊர்களில் இரட்டை உறிஞ்சுகுழியை நான் வலியுறுத்துகிறேன். மூன்றடி அகலம், நாலடி ஆழத்தில் இரண்டு குழிகள். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும்; அடியில் மண் தரை. நடுவில் ஒரு சேம்பர், அதாவது கழிவு வந்து இரண்டு குழிக்கும் பிரியும் சின்னத் தொட்டி. அதில் ஒரு குழிக்குப் போகும் வாயை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு குழியை மட்டும் புழங்க வேண்டும். நீரையும் வாயுவையும் மண் உறிஞ்சிக்கொள்ளும், காற்றுக்குழாய்கூட வேண்டாம். ஐந்து பேர் வீட்டில் முதல் குழி நிறைய மூன்று நான்கு வருஷம் ஆகலாம். அப்புறம் வாயை மாற்றி அடைத்து, நிறைந்த குழியை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் போதும், கசடு மக்கி உரமாகிவிடும். நான் திறந்து பார்த்த குழிகளில் இருந்தது காப்பித்தூள் போன்ற உதிரி மண். கையில் அள்ளி முகர்ந்தாலும் வாடை இல்லை. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிப்பள்ளியில், அப்போதைய மத்திய குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி அந்த உரத்தை வாரினார்.

கொத்தனார்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: "ஆழமாப் போட்டா நல்லது." ஆழம் கூடாது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே ஆறடிக்கு மேல் காய்ந்த மண் இருந்தால்தான் கிருமி வடிபடும். கிணறோ பம்போ பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஊற்று மேலே வரும் டெல்டா ஊர்களில் குழியைத் தரைக்கு மேல் உயர்த்தி, சுற்றிலும் மண் அணைத்துக் கட்ட வேண்டும். குளியல், சமையல் நீரை இதில் விடாமல் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புங்கள்.

பழைய தொட்டி வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், ஆளை உள்ளே இறக்காதீர்கள். அங்கே தேங்கும் வாயு அளவு கூடினால் மூக்குக்கே தெரியாது. இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், தூக்கப் போனவரும் விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

அந்தப் பெரியவர் பழைய குழியை லாரி வைத்து எடுத்து, மணல் போட்டு மூடிவிட்டார். புதிய இரண்டு குழிகள் கொல்லையில், பம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கின்றன. குழி மாற்றிய நாள் மறந்துவிடும் என்பதால் கழிப்பறைச் சுவரில் மாதத்தையும் வருஷத்தையும் பெயிண்ட்டால் எழுதச் சொன்னேன். பேத்தி எழுதியிருக்கிறாள்.