காற்றுக் கசிவுக்குப் பெற்றோல் ஊற்றுதல்

கடந்த சோளகக் காலத்தில் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து 1000 சீசீ கொண்ட சிறிய ஜப்பான் கார் ஒன்று கிளிநொச்சியிலுள்ள எனது கராச்சுக்கு வந்தது. “எஞ்சின் லைற் எரிஞ்சுகொண்டு நிண்டது, ஒரு இடத்திலை குடுத்துக் கொம்பியூட்டர் அடிச்சு நிப்பாட்டினான். இப்ப லைற் இல்லைத் தம்பி, ஆனா பெற்றோல் குடிக்குது, காலமை ஸ்ராட் பண்ணினா கரும்புகையும் வருது” என்றார் அதை ஓட்டிவந்த அண்ணை. எரிந்த விளக்கின் குறியீடு என்னவென்று கேட்டபோது, பி 0171 என்று எழுதிய துண்டொன்றைப் பணப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். கலவையில் பெற்றோல் குறைவு, காற்று அதிகம் என்பதே அதன் பொருள்.

ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். புகைக்குழாயில் உள்ள ஒக்சிசன் சென்சர் எரிந்து வெளியேறும் வாயுவில் எஞ்சியிருக்கும் ஒக்சிசனைப் பார்த்து, காற்று மிகுந்தால் 0.1 வோல்ற்றுக்கு அருகிலும் பெற்றோல் மிகுந்தால் 0.9 வோல்ற்றுக்கு அருகிலும் காட்டும். அதைக் கொண்டு எஞ்சின் கொம்பியூட்டர், பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. இந்தத் திருத்தமே கொம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கானரில் ‘பியுவல் ட்ரிம்’ என்ற பெயரில் சதவீதமாகத் தெரிகிறது. சக (+) என்றால் பெற்றோலைக் கூட்டுகிறது, சய (−) என்றால் குறைக்கிறது. பத்துக்குள் நின்றால் பொதுவாகக் கவலையில்லை, ஐந்துக்குள் நின்றால் எனக்குத் திருப்தி.

அந்தக் காரில் ஐடிலில், அதாவது அக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, சக 8, நிமிடத்துக்கு 2500 சுற்றில் சய 8 என்று இருந்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் குற்றமற்ற எண்களே. ஆனால் ஒரே எஞ்சின் நின்ற நிலையில் பெற்றோல் போதாது என்றும் சுற்று ஏறியதும் பெற்றோல் கூடிவிட்டது என்றும் சொல்வது இயல்பானதல்ல. எயார் பில்டருக்கு அடுத்துள்ள காற்று அளவிடும் சென்சரைத் தாண்டி எங்காவது வெடிப்பு இருந்தால், அதனூடாக நுழையும் காற்று கணக்கில் வராது. ஐடிலில் எஞ்சின் உறிஞ்சும் காற்றே சொற்பம் என்பதால் அந்தக் கள்ளக் காற்றின் பங்கு அங்கே பெரிதாகவும், சுற்று ஏற ஏறச் சிறிதாகவும் தெரியும். பெற்றோல் பம்ப் தளர்ந்திருந்தாலோ பெற்றோல் பில்டர் அடைத்திருந்தாலோ கதை மறுதலையாகும்: ஐடிலில் ஒன்றும் தெரியாது, பாரம் ஏறும்போதுதான் பெற்றோல் போதாமற் போகும்.

எயார் பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றாமல், மேலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. கழற்றி, மடிப்பு மடிப்பான றப்பர்ப் பகுதியை இரு கையாலும் வளைத்தபோதுதான் அடிப்பக்க மடிப்பொன்று விரலளவு நீளத்துக்கு வாய் திறந்தது. உட்சுவரில் கிறவல் வீதியின் சிவப்புத் தூசி படிந்து, விரலை இழுத்தால் கோடு விழுந்தது. பெற்றோல் செலவை விட இதுவே என்னை வருத்தியது. பில்டரைத் தாண்டி உள்ளே போகும் மண் சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் தேய்க்கும், அதை எந்தக் கொம்பியூட்டராலும் திருத்த முடியாது. அதனால் சிலிண்டர்களின் கொம்பிரஷனையும், அதாவது உள்ளழுத்தத்தையும், அளந்து பார்த்தேன். நல்ல வேளையாக நான்கும் ஒத்திருந்தன.

புதிய குழாயைப் பூட்டி, பழைய திருத்தங்களை அழித்துவிட்டு ஓட விட்டபோது ஐடிலிலும் சுற்றிலும் ஒரே மாதிரியாகச் சய 13 வந்து நின்றது. எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் அது கசிவல்ல, யாரோ கணக்கையே மாற்றியிருக்கலாம். முன்பு வேலை செய்தவர், எந்த நிலையில் எவ்வளவு பெற்றோல் விடவேண்டும் என்று கொம்பியூட்டரில் எழுதியிருக்கும் பெற்றோல் அட்டவணை முழுவதையும் ஒரே அடியாக 15 சதவீதம் உயர்த்தியிருந்தார், ஒன்றை 1.15 ஆல் வகுத்தால் 0.87, அதாவது 13 குறைவு. கசிவால் ஐடிலில் சக 24 வரை ஏறியிருந்த திருத்தம் அதனால் 8க்கு இறங்கியது, விளக்கும் அணைந்தது, வெடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஒக்சிசன் சென்சரைக் கேட்டு நடக்கும்வரை கொம்பியூட்டர் இந்தக் கூடுதலைக் கழித்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்யும்போதும் முழு அக்சிலரேட்டரிலும் அது அட்டவணையையே பெரிதும் நம்புகிறது. கரும்புகை அங்கிருந்துதான் வந்தது. வன்னியில் ஏற்றமென்று சொல்லத்தக்க வீதி கிடையாது என்பதால், நான்கு பேரை ஏற்றி, கீழ்க் கியரில் வைத்து, கலவை விகிதத்தை எண்ணாகவே காட்டும் அகல அளவீட்டு ஒக்சிசன் சென்சர் பூட்டிப் பார்த்தேன். முழுப் பாரத்தில் 12.8 அளவில் இருக்கவேண்டிய காற்று-பெற்றோல் விகிதம் 11 அளவில் இருந்தது. இப்படியே ஓடினால் மிகைப் பெற்றோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவும், புகையின் நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரையும் சீக்கிரம் கெடுக்கும். மறுபக்கமாகப் பாரத்தில் பெற்றோலைக் குறைத்துவிட்டால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் உருகவும் கூடும்.

குறை எப்போதும் காற்றுக் குழாயில்தான் இருக்கும் என்றில்லை. ஒக்சிசன் சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளிழுக்கப்பட்டு, பெற்றோல் போதாது என்ற பொய்ச் செய்தி போகும். ஒரு பிளக் விட்டுவிட்டு அடித்தாலும் எரியாத ஒக்சிசன் அதே பொய்யைச் சொல்லும். தண்ணீர் வெப்ப சென்சர் பழுதானால், கொதிக்கும் எஞ்சினையும் குளிர்ந்தது என நினைத்துக் கொம்பியூட்டர் பெற்றோலைக் கொட்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. அன்றைய மெக்கானிக்மார் காபுரேற்றர் ஸ்குறூவைத் தொடுமுன் முதலில் காற்று இழுக்கிறதா என்றுதான் காது கொடுப்பார்கள்.

அந்தக் காருக்குக் கம்பனி அட்டவணையைத் திரும்ப ஏற்றவேண்டியிருந்தது. மாற்றியவரிடம் மூலக் கோப்பு இருக்கவில்லை, அதைத் தேடி எடுக்க எனக்கு இரண்டு நாள் சென்றது. அட்டவணையை மாற்றக் கொடுப்பவர்கள் மூலக் கோப்பின் பிரதியொன்றைக் கையோடு கேட்டு வாங்குவதும், மாற்றுமுன் எடுத்த ட்ரிம் எண்களை ஐடில், 2500 சுற்று என இரண்டு இடத்துக்கும், முழுப் பாரத்துக்குக் கலவை விகிதத்தையும் எழுதித் தரச் சொல்வதும் நல்லது. மாங்குளம் வரை ஓடித் திரும்பியபோது அண்ணையின் காரில் ஐடிலில் சக 2, சுற்றில் சய 1 இருந்தது. அவரது பழைய துண்டின் பின்பக்கத்திலேயே அதை எழுதிக் கொடுத்தேன்.