அவிழாத முடிச்சுகள்

போன வாரம் கோவை சரவணம்பட்டிக்கு வடக்கே ஒரு கட்டுத்தரையில் கலப்பினப் பசு ஒன்றுக்கு அறுவை செய்தேன். ஐந்து மாதச் சினை. "நாலு நாளாக அசை போடவில்லை, சாமி. தண்ணீர் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது" என்று மாட்டுக்கார ஆத்தா கூப்பிட்டிருந்தார். விலாவுக்குப் பின்னால் இருக்கும் இடது பசிக்குழியில் அழுத்தினால், பிசைந்த மாவில் பதிவதுபோல் விரல் பதிந்தது. பள்ளம் மேலே வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, மாடு நின்றபடியே திறந்தோம். கைக்குத் தீவனம் தட்டுப்படவேயில்லை. கயிறாகத் திரிந்த பாலிதீன்தான் இழுக்க இழுக்க வந்தது. தவிட்டுச் சாக்கில் போட்டு எடை பார்த்தோம்: 27 கிலோ.

இந்த ஆண்டில் இது எனக்கு ஆறாவது. என்னை எழுத உட்கார வைத்தது எடை அல்ல. உதவிக்கு வந்த பையன் அந்தக் குவியலைக் குழாயடியில் அலசிப் பரப்பினான். பைகள் நார்நாராகியிருந்தன. வாயில் போட்ட முடிச்சுகள் மட்டும் அப்படியே இருந்தன. எண்ணினேன்: 41. ஒன்றை நகத்தால் அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. கத்தரியால் வெட்டினேன். மடிப்புக்குள் கொஞ்சம் தேயிலைச் சக்கையும் கறிவேப்பிலைக் காம்பு ஒன்றும் இருந்தன. யாரோ ஒருவர் வீட்டுக் காலை நேரம் அது.

அந்த 41 பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லப்போனால் சுத்தக்காரர்கள். சிந்தக் கூடாது, நாறக் கூடாது என்று மிச்சச் சோற்றையும் காய்த் தோலையும் பைக்குள் போட்டு, இறுக்கிக் கட்டித் தெருமுனையில் வைத்தவர்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "கட்டித்தானே போட்டோம், டாக்டர்? மாடு சோற்றைத் தின்றுவிட்டுப் பையை விட்டுவிடாதா?"

விடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். முள்ளுக்கு நடுவே தழையை மட்டும் பறிக்கும். மாட்டுக்கு அந்த உதடு இல்லை. மேல்தாடையில் முன்பல்லும் இல்லை. நாக்கால் சுருட்டி உள்ளே இழுக்கும், விழுங்கும், பிறகு நிழலில் படுத்துத்தான் மெல்லும். நாக்கின் முட்களும் தொண்டையைப் பார்த்தே சாய்ந்திருக்கின்றன. உள்ளே போனதை வெளியே தள்ளுவது அதற்குக் கடினம். மூக்குக்குச் சோறு மணக்கிறது, வாய்க்குப் பை வழிமறிக்கிறது. கையில்லாத பிராணி முடிச்சை எப்படி அவிழ்க்கும்? பையோடு விழுங்குவதைத் தவிர அதற்கு வேறு வழி வைத்தோமா? சோறு சும்மா தரையில் கிடந்திருந்தால்கூட இந்த 27 கிலோ உள்ளே போயிருக்காது. நீங்கள் சுத்தத்துக்காகப் போட்ட முடிச்சுதான் மாட்டின் வயிற்றை அடைக்கிறது.

"மாட்டை ஏன் அவிழ்த்துவிடுகிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், மாட்டுக்காரர்களிடம் நானும் சண்டை போடுகிறேன். ஆனால் 2011இல் சரவணம்பட்டி, துடியலூர், வடவள்ளி, குறிச்சி எல்லாம் சேர்ந்து மாநகராட்சி 100 வார்டுகளானபோது கட்டுத்தரைகள் எங்கும் போய்விடவில்லை. சோளக்காடு மனையாயிற்று, மனை அடுக்குமாடியாயிற்று. மாடும் ஆத்தாவும் அங்கேயேதான் இருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம்தான் இல்லை.

முகூர்த்த நாளுக்கு மறுநாள் என் தொலைபேசி ஓயாது. மண்டபத்து மிச்சச் சோற்றைக் "கோமாதாவுக்கு" என்று கொட்டுவார்கள். அவ்வளவு சோறும் வயிற்றில் புளித்து, ஒரே நாளில் மாட்டைச் சாய்த்துவிடும். இப்போது வாழை இலைபோல் அச்சடித்த பிளாஸ்டிக் பூச்சு இலை வேறு. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை என்பதைப் பந்தி மேசையைப் பார்த்தால் யாராவது சொல்வார்களா?

திருப்பூர்ப் பக்கத்து மாடுகளில் பனியன் கழிவு நூல் வருகிறது. அதுதான் பாலிதீனை முறுக்கிக் கயிறாக்குகிறது. சேலைப் பின், ஊசி, கம்பித் துண்டு என்றால் கதையே வேறு. அவை மாட்டின் இரண்டாம் வயிறான தேன்கூட்டு வயிற்றில் தங்கும். அதற்கும் இதயத்துக்கும் நடுவே மெல்லிய உதரவிதானம்தான். ஊசிக்குக் காந்தம் விழுங்க வைத்தாவது பார்க்கிறோம். பாலிதீனுக்கு எங்களிடம் இருப்பது கத்தி ஒன்றுதான்.

இனி செய்ய வேண்டியது. மட்கும் கழிவை எந்தப் பையிலும் போடாதீர்கள். மூடியுள்ள வாளியில் சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் அப்படியே கவிழ்த்துக் கொடுங்கள். நாற்றம் பயமென்றால் அடியில் செய்தித்தாள் போதும். வண்டி வரும் நேரத்துக்கு வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படையுங்கள். இரவில் கொண்டுபோய்த் தெருமுனையில் வைக்காதீர்கள். ஈரம், உலர் என்று கழிவைப் பிரித்துக் கொடுப்பது 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே உங்கள் கடமையாகிவிட்டது. பணியாளர் கேட்கும் சலுகை அல்ல. ஊசியும் பிளேடும் மூடிய டப்பாவில் தனியே போகட்டும். டயப்பரையும் நாப்கினையும் தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். பால் கவரின் மூலையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. மாட்டுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று மனம் கேட்டால், காய்த் தோலைக் கையில் எடுத்துப்போய்க் கட்டுத்தரைத் தொட்டியில் போடுங்கள். நடந்துதான் போக வேண்டும், போங்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு: அசை நின்றால், இடது பக்கம் உப்பினால், சாணம் குறைந்தால் அன்றைக்கே 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் அறுவைக்குக்கூட மாடு மிஞ்சாது. ஆத்தாவும் இரண்டு நாள் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அவருடைய பசு மூன்றாம் நாள் சோளத்தட்டைத் தொட்டது. வியாழக்கிழமை தையல் பிரிக்கப் போகிறேன். அந்த 41 முடிச்சுகளையும் ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தெருவில் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.