எண்ணெய்க்கு முன்னால் தாள் போக வேண்டும்

கோவைப் பக்கமிருந்து ஒருவர் எங்கள் எரிபொருள் ஆய்வகத்துக்கு இரண்டு லிட்டர் கேனில் பயோடீசல் கொண்டுவந்தார். ஹோட்டல்களிலும் பேக்கரிகளிலும் பொரித்து முடித்த எண்ணெயை வாங்கி வடிகட்டி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கி, கிளிசரினைப் பிரித்து, கழுவி உலர்த்தி எடுத்தது. தேன் நிறம். அடியில் கசடு இல்லை. நம் நாட்டுத் தரமான ஐஎஸ் 15607-க்கு வைத்துப் பார்த்ததில் ஈரம், அமிலத்தன்மை, கிளிசரின் எல்லாம் வரம்புக்குள் இருந்தன. ஷெட்டில் வைத்து இவ்வளவு சுத்தமாக எடுப்பவர்கள் குறைவு. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"ஜெர்மனியில ஒரு பார்ட்டி கேக்குறாங்க சார். ரிப்போர்ட்டு மட்டும் குடுத்தீங்கன்னா கன்டெய்னர் ஏத்திப்போடலாமுங்க" என்றார்.

கேனிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மதியச் சாப்பாடு முடித்து வந்து எடுத்துப் பார்த்தோம். தேன் நிறம் போய், கெட்டி மோர் மாதிரி நின்றது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்குமே, அதே கதைதான். நம் ஊர்க் கடைகளில் பொரிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு பாமாயில். பாமாயிலில் செய்த பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே மங்க ஆரம்பித்துவிடும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஜனவரி இரவுகளில் குளிர் சுழியத்துக்குக் கீழே போகும். லாரியின் ஃபில்டர் அடைத்துக்கொண்டு வண்டி நடுரோட்டில் நிற்கும்.

"அப்ப நம்ம ரிப்போர்ட்டு பொய்யாங்க சார்?"

பொய்யில்லை. நம் ஊர் வெயிலுக்கு அது உண்மை. எரிபொருள் சோதனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிற எனக்கு, உயிரி எரிபொருள் தொழிலில் காசு போட வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் விஷயம் இதுதான்: எண்ணெய் எடுப்பது பாதி வேலை. யாருடைய தரத்தின்படி, யாருடைய சான்றிதழோடு, எந்தச் சந்தைக்கு என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்காகத்தான் நாடுகள் பல ஆண்டுகளாகக் கூடிப் பேசிக்கொண்டிருக்கின்றன.

முதலில் தரத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் பயோடீசல் தரம் இஎன் 14214. அமெரிக்காவுக்கு ஏஎஸ்டிஎம் டி6751. இரண்டுமே அவரவர் ஊரில் விளையும் எண்ணெயை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஐரோப்பாவில் ரேப்சீட் என்ற கடுகினப் பயிர், அமெரிக்காவில் சோயா. எண்ணெய் எளிதில் கெட்டுப்போகுமா என்பதற்கு அடையாளமாக அயோடின் மதிப்பு என்று ஒன்றைப் பார்ப்பார்கள்; ஐரோப்பியத் தரத்தில் அது 120-ஐத் தாண்டக் கூடாது. சோயா எண்ணெய் இயல்பிலேயே அதைத் தாண்டிவிடும். அப்படியானால் சோயா பயோடீசல் மட்டமா? இல்லை. வரம்பு போட்டவர்கள் ரேப்சீட்காரர்கள், அவ்வளவுதான்.

2007-இல் பிரேசில், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா மூன்றும் நிபுணர்களை உட்கார வைத்து, தங்கள் தரங்களை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தன. அந்த ஆண்டின் கடைசியில் அறிக்கை வந்தது. எத்தனாலில் ஒத்துப்போவது ஓரளவு எளிதாக இருந்தது. அது ஒரே மூலக்கூறு. கரும்பில் எடுத்தாலும் மக்காச்சோளத்தில் எடுத்தாலும் எத்தனால் எத்தனால்தான். முக்கியமாக முட்டிக்கொண்ட இடம் தண்ணீர். கன அளவில் ஐரோப்பா 0.24 சதவீதம் வரை அனுமதித்தது, பிரேசில் 0.4, அமெரிக்கா 1. கேட்டால் சில்லறை விஷயம் போலத் தோன்றும். ஆனால் பெட்ரோலில் எத்தனால் குறைவாகக் கலந்திருக்கும்போது கொஞ்சம் தண்ணீர் அதிகமானாலும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். குறைந்த அளவில் கலந்த ஐரோப்பா கெடுபிடி காட்டியதற்குக் காரணம் இருந்தது. பயோடீசலிலோ எந்த எண்ணெயில் செய்தோம் என்பதே குணத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் இன்றுவரை ஒரே உலகத் தரம் வரவில்லை. பல எண்ணெய்களின் பயோடீசலைக் கலந்து வாங்குபவரின் தரத்துக்குக் கொண்டுவரலாம் என்பதுதான் அன்று கண்ட நடைமுறை வழி.

பெரிய கம்பெனிகள் வேறு வழியில் போய்விட்டன. மெத்தனாலுக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு எண்ணெயைப் பிரித்துக் கட்டினால், கிடைப்பது கிட்டத்தட்ட அசல் டீசல். குளிருக்கு ஏற்றபடியும் அதைத் திருத்திக்கொள்ளலாம். பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் இதற்காகவே 2010-இல் சிங்கப்பூரில் ஆலை திறந்தது. இன்று அங்கே விமான எரிபொருளும் தயாராகிறது. இவர்களுக்கு நம் கோவைக்காரரின் பயோடீசல் தேவையில்லை. பஜ்ஜி பொரித்த எண்ணெய் எண்ணெயாகவே வேண்டும். "அட, அப்ப ஷெட்டே போட்டிருக்க வேண்டாமுங்களே" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

சரி, எண்ணெயாகவே விற்கலாம் என்றால் அங்கே இரண்டாவது கதவு.

கழிவிலிருந்து செய்யும் எரிபொருளை, புதுப்பிக்கத்தக்க எரிபொருள் இவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற இலக்குக் கணக்கில் இரட்டிப்பாக எழுதிக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி வைத்தது. ஒரு லிட்டர் ஊற்றினால் இரண்டு லிட்டர் ஊற்றியதாகக் கணக்கு. நோக்கம் நல்லதுதான்: சாப்பாட்டு எண்ணெயை எரிக்காதே, கழிவை எரி. விளைவு என்னவென்றால், சில காலங்களில் பொரித்து முடித்த எண்ணெய் புதுப் பாமாயிலைவிட அதிக விலைக்குப் போனது. புது எண்ணெய்க்குப் பழைய எண்ணெய் என்று பெயர் சூட்டினால் லாபம் என்ற நிலை வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பழைய எண்ணெயோடு புதுப் பாமாயிலைத் திறமையாகக் கலந்து கொண்டுவந்தால் ஆய்வகத்தில் உறுதியாகப் பிடிப்பது கஷ்டம். அமிலத்தன்மை, நிறம், பொரித்ததில் உண்டாகும் சேர்மங்கள் எல்லாம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. இதை ஒரு ஆய்வகக்காரனே ஒப்புக்கொள்வது சங்கடம்தான்.

அதனால்தான் தாள். எந்தக் கடையில் எடுத்தது, யார் சேகரித்தார், எந்தக் கிடங்கில் வைத்தார், எத்தனை கிலோ உள்ளே வந்து எத்தனை கிலோ வெளியே போனது என்று சங்கிலியாகக் கணக்கு வேண்டும். இதைத் தணிக்கை செய்து சான்றிதழ் தரும் அமைப்புகளில் நம் பக்கத்து ஏற்றுமதியாளர்கள் அதிகம் கேள்விப்படுவது ஜெர்மனியைச் சேர்ந்த ஐஎஸ்சிசி. சின்னக் கடைகள் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். சேகரிப்பவர்தான் தணிக்கைக்கு உட்பட வேண்டும். இதற்கு மேல் ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு சரக்கையும் பதிவுசெய்யும் பொதுத் தரவுத்தளம் ஒன்றையும் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. சந்தையும் நாளொரு விதமாகப் புரள்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் சீனா பழைய எண்ணெய் ஏற்றுமதியாளர்களுக்கு வரியைத் திருப்பிக் கொடுத்துவந்ததை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பா சீன பயோடீசல் மீது, மலிவு விலையில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரியை இறுதியாக்கியது. எங்கோ பிரசல்ஸில் ஒரு கையெழுத்து விழுந்தால் ஈரோட்டில் எண்ணெய் டின்னின் விலை அசைகிறது. நம்மவரிடம் அன்று இருந்தது துண்டுச் சீட்டுகள். சில கடைகளுக்கு அதுவும் இல்லை.

நம் நாட்டிலும் இதற்கு விதி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் உண்டாகும் 'மொத்தத் துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இது நடைமுறை. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் உணவகங்கள் பதிவேடு வைக்க வேண்டும், கழிவு எண்ணெயை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும். இந்தத் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்ட் 10, உலக உயிரி எரிபொருள் நாளன்று தொடங்கியது. 1893-இல் அதே தேதியில் ருடால்ஃப் டீசல் கடலை எண்ணெயில் எஞ்சின் ஓட்டினார் என்று ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப்பில் வரும். கடலை எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடிக் காட்டியது 1900 பாரிஸ் கண்காட்சியில். கூட்டத்தில் இதைச் சொன்னால் யாரும் ரசிப்பதில்லை.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: தோல்விகளைப் பகிர்ந்துகொள்வது. சர்வதேச எரிசக்தி முகமையின் கீழ் 1978 முதல் உயிரி ஆற்றலுக்கென்று ஒரு கூட்டுத் திட்டம் நடக்கிறது. இந்தியா 2019-இல் அதில் உறுப்பினரானது. அதில் 39-ஆம் எண் கொண்ட பணிக்குழுவின் வேலையே போக்குவரத்துக்கான உயிரி எரிபொருளைச் சந்தைக்குக் கொண்டுவருவது. நாடுகளின் கொள்கைகளை ஒப்பிடுகிறார்கள், அறிக்கை போடுகிறார்கள். அதோடு உலகெங்கும் உள்ள சோதனை ஆலைகள், வணிக ஆலைகளின் பட்டியல் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். ஓடும் ஆலை மட்டுமல்ல, நின்றுபோன ஆலையும் அதில் இருக்கும். திறப்பு விழாப் படங்களைவிட அந்த 'நின்றுபோனது' என்ற வரிகள்தான் எனக்குப் பாடம்.

வைக்கோல், சோளத்தட்டை போன்றவற்றிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளைப் பாருங்கள். இத்தாலியின் கிரெஷெந்தினோவில் 2013-இல் திறந்தது, 2017-இல் நின்றது. பிறகு கைமாறி மீண்டும் தொடங்கியது. அமெரிக்காவின் கான்சஸில் ஹ்யூகோடன் ஆலை 2014-இல் திறந்து கொஞ்ச நாளிலேயே மூடப்பட்டது. அயோவா மாநிலத்தில் டூபான்ட் 2015-இல் திறந்த ஆலையிலிருந்து இரண்டே ஆண்டுகளில் வெளியேறியது. ருமேனியாவின் போடாரியில் கிளாரியன்ட் கட்டிய ஆலையும் 2023-இல் மூடப்பட்டது. பணத்துக்கோ மூளைக்கோ பஞ்சமில்லாத கம்பெனிகள். ஆய்வகத்தில், வைக்கோலைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் வேலை செய்தன. வயலிலிருந்து வந்த கட்டுகளில் மண்ணும் கல்லும் வந்தன. இயந்திரம் அடைத்துக்கொண்டது, தேய்ந்தது. ஆண்டு முழுவதற்குமான தட்டையை ஒரே அறுவடையில் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. இடையில் கச்சா எண்ணெய் விலையும் சரிந்தது. நெல் வைக்கோலில் சிலிக்கா வேறு அதிகம், உலோகத்தை அரம் போல அராவும். 2022-இல் இந்தியன் ஆயில் பானிப்பட்டில் திறந்த ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலை நம்பிக் கட்டப்பட்டது. அந்த நாடுகளின் அனுபவம் நமக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டுறவு எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கு அசாமின் நுமாலிகர் சரியான உதாரணம். மூங்கிலிலிருந்து எத்தனால், தொழில்நுட்பம் பின்லாந்தின் கெம்போலிஸ் நிறுவனத்துடையது, பின்லாந்து நிறுவனங்கள் பங்காளிகளும்கூட. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி 2025 செப்டம்பரில் திறந்தார்கள். ஆறரை ஆண்டுகள். கட்டடமும் இயந்திரமும் ஒருபுறம் இருக்க, ஆயிரக்கணக்கான விவசாயிகளிடமிருந்து மூங்கிலை வெட்டி, சீவி, தொடர்ந்து வரவைக்க வேண்டும். அந்தப் பாடத்தை பின்லாந்தில் யாரும் கற்றுத்தர முடியாது.

விவசாயி என்றதும் காட்டாமணக்கு நினைவுக்கு வருகிறது. 2003-இல் திட்டக் குழுவின் அறிக்கை, அதன் விதை எண்ணெயை நம்பி, டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்கலாம் என்று கணக்குப் போட்டது. தமிழ்நாட்டில் தரிசு தேடித் தேடி நட்டார்கள். 2008 டிசம்பரில் நியூசிலாந்தில் ஒரு ஜம்போ ஜெட், ஓர் எஞ்சினில் பாதிக்குப் பாதி காட்டாமணக்கு எரிபொருளோடு பறந்தும் காட்டியது. தண்ணீரில்லாத நிலத்தில் செடி சாகாது என்பது உண்மைதான். ஆனால் காய்க்காது. தேர்ந்த விதை இல்லை, மகசூல் கணக்கு இல்லை, வாங்க ஆளில்லை. என்னிடமும் அப்போது ஒருவர் மூட்டையில் விதை கொண்டுவந்து, எண்ணெய் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். எண்ணெய் இருந்தது. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது இல்லை என்று எனக்கே அன்று தெரியாது.

இன்று புது ஏஜென்ட்கள் வேறு செடிகளோடு வருகிறார்கள். விமான எரிபொருளுக்குப் போகும் என்கிறார்கள். 2027-இல் சர்வதேச விமானங்களுக்கு 1 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் என்று இந்தியா வைத்திருக்கும் இலக்கையும் சரியாகவே சொல்கிறார்கள். 2023 செப்டம்பர் 9-ஆம் தேதி டெல்லியில் தொடங்கிய உலக உயிரி எரிபொருள் கூட்டணியின் படத்தையும் காட்டுவார்கள். அந்தக் கூட்டணியில் பிரேசிலும் அமெரிக்காவும் இருப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் தோட்டத்துக்கு வந்து கொள்முதல் செய்யாது. இதே செடி மூன்று ஆண்டுக்கு மேல் காய்த்த தோட்டம் எங்கே, வாங்கும் ஆலை இன்று ஓடுகிறதா, என்ன விலைக்கு எத்தனை ஆண்டு என்று எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். தொழில்நுட்பம் விற்க வந்தால், அந்த 39-ஆம் குழுவின் பட்டியலில் அதே முறை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கோவைக்காரர் ஜெர்மனியை இப்போதைக்கு விட்டுவிட்டார். அந்தப் பார்ட்டிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த புரோக்கர் வாங்கிய கமிஷன் முன்பணம் போனது போனதுதான். பயோடீசலை உள்ளூரிலேயே விற்கிறார். ஒருபுறம் கடைகளில் உறுதிமொழித் தாள் வாங்கிக்கொண்டிருக்கிறார். பாதிக் கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மீதிப்பேர் போடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு டி.வி.எஸ்.ஸில் வரும் ஆள் கிலோவுக்கு ஐந்து ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறானாம், சீட்டும் கேட்பதில்லையாம். அந்த எண்ணெய் சிங்கப்பூருக்குப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு சட்டிக்குத்தான் போகிறது.