ஏழு வருடப் பழைய பார்க்கிங் கடிதம் வந்தால்

சில மாதங்களுக்கு முன்பு லண்டனில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு அண்ணை திறக்காத கடிதம் ஒன்றோடு வந்தார். உறையில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பயந்து, இரண்டு நாள் ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்திருந்தாராம். நான்தான் கிழித்துப் பார்த்தேன். 2018 ஓகஸ்டில் ஒரு சுப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் அனுமதித்த நேரத்தை விட 22 நிமிடம் கூட நின்றிருக்கிறார். 100 பவுணாகத் தொடங்கியது 170 ஆகியிருந்தது. அனுப்பியது ஒரு கடன் வசூல் நிறுவனம்.

"தம்பி, கட்டிப்போட்டு நிம்மதியா இருப்பமே?" என்றார்.

நான் தொகையைப் பார்க்கவில்லை, திகதியைத்தான் பார்த்தேன். தனியார் கார் பார்க் அனுப்பும் டிக்கெட் அரசாங்க அபராதம் அல்ல. பலகையில் எழுதியிருக்கும் நிபந்தனையை ஒப்பந்தமாக வைத்து, அதை மீறியதற்குக் கேட்கும் பணம். 'பிரைவேட் டிக்கெட்டைக் குப்பையில போடு' என்று நம்மவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. பீவிஸ் என்பவரின் பார்க்கிங் வழக்கில், இப்படியான 85 பவுண் கட்டணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2015இலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஒப்பந்தம் என்றால் அதற்குரிய காலக்கெடுவும் சேர்ந்தே வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 5ஆம் பிரிவு: வழக்குப் போட ஆறு வருடம். ஸ்கொட்லாந்தில் ஐந்து.

இதைக் கேட்டதும் எல்லோரும் ஒரு தவறு விடுவார்கள். ஆறு வருடம் முடிந்தால் கடனே இல்லை என்று நினைப்பார்கள். ஸ்கொட்லாந்தில் கடனே அற்றுப்போகும், சரி. இங்கிலாந்தில் அப்படி இல்லை; வழக்குப் போட்டு வாங்கும் வழிதான் அடைபடுகிறது. கடிதம் தொடர்ந்து வரலாம். ஏன், வழக்கே போட்டாலும் 'காலம் கடந்தது' என்று நீதிமன்றம் தானாகச் சொல்லாது. உங்கள் எதிர்வாதத்தில் நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், ஏழு வருடப் பழைய டிக்கெட்டுக்கும் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வரலாம். நோர்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற மையத்தில் இருந்து கோர்ட் படிவம் வந்தால், அது சேர்ந்ததாகக் கணக்கிடும் நாளிலிருந்து 14 நாளுக்குள் பதில் போக வேண்டும். வழக்கை எதிர்ப்பதாக அதற்குள் ஒரு ஒப்புகை அனுப்பினால் மொத்தம் 28 நாள் கிடைக்கும்.

ஆறு வருடம் ஓடி முடியுமுன் இன்னொரு பொறி. ஐந்தாவது வருடத்தில் வந்த கடிதத்துக்குப் பயந்து, 'மாதம் 20 பவுண் கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாலோ, கொஞ்சத்தைக் கட்டினாலோ, கடிகாரம் அன்றிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். காலம் முடிந்த பிறகு கட்டினால் அது உயிர்பெறாது. ஆனால் கட்டிய பணம் போனதுதான். ஒன்றிரண்டு நாள் வித்தியாசத்தை நம்பி இருக்கவும் வேண்டாம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதிலேயே வாதம் வரும்.

என் மேசைக்கு வருவதில் எனக்கு அதிகம் கவலை தருவது பழைய டிக்கெட் அல்ல, பழைய முகவரி. ஒரு தங்கச்சி வீடு மாறினார். லைசென்ஸில் முகவரியை மாற்றினார், காரின் பதிவுப் பத்திரமான லொக் புக்கில் மாற்றவில்லை. இரண்டும் தனித்தனி என்று அவருக்குத் தெரியாது. கடிதங்கள், கோர்ட் படிவம் எல்லாம் பழைய வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன. மோர்ட்கேஜ் கேட்டபோதுதான் தன் பெயரில் சிசிஜே (CCJ, கடனுக்கான கவுண்டி கோர்ட் தீர்ப்பு) இருப்பதே அவருக்குத் தெரிந்தது. வழக்கு நாலாவது வருடத்திலேயே தொடங்கியிருந்ததால் ஆறு வருடக் கதை அங்கே எடுபடவில்லை. படிவம் தன் கைக்கு வரவே இல்லை என்று காட்டி, தீர்ப்பை நீக்கக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினால் சிசிஜே பதிவிலிருந்து போய்விடும், இல்லாவிட்டால் ஆறு வருடம் அங்கேயே கிடக்கும். அவருக்கு அந்த ஒரு மாதமும் எப்போதோ போய்விட்டது.

சரி, அண்ணையின் கதைக்கு வருவோம். எங்கேயாவது கோர்ட் கடிதம் வந்ததா, முகவரி மாறினீர்களா, யாருக்காவது எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். மூன்றுக்கும் இல்லை. நாலு வரியில் ஒரு பதில் எழுதினோம்: சம்பவத் திகதி இது, ஆறு வருடம் கடந்துவிட்டது, கடனை ஏற்கவில்லை, வழக்குப் போட்டால் இதையே சொல்வேன். வசூல்காரர் பெய்லிஃப் அல்ல, வீட்டுக்குள் வந்து பொருள் தூக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொன்ன பிறகுதான் அண்ணை தேத்தண்ணியைக் குடித்தார்.

எழும்பும்போது சட்டைப் பையிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்தார். முதல் கடிதத்தைப் போல அதிலும் பிசிஎன் (PCN, கட்டண நோட்டீஸ்) என்றுதான் இருந்தது. "இதுவும் உந்தக் கூட்டம்தானே?"

இல்லை, இது கவுன்சில் அனுப்பியது, உண்மையான அபராதம். பஸ் லேனில் ஓடியிருக்கிறார். பாதிக் கட்டணத்துக்குக் கொடுத்த 14 நாளில் இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்தது. அங்கேயே ஃபோனில் கட்டிவிட்டுப் போனார்.